நியாயமில்லாத ஒரு ஸ்டாருக்கு என்ன பதில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் பொருள் வாங்குகிறவர்கள் முதலில் ஒரு ஸ்டார் ரிவ்யூக்களைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. நானும் வாங்கும்போது அதைத்தான் செய்கிறேன். ஆனால் நான் விற்கிறவளும்கூட. கையால் தைத்த நோட்டுகளை ஓர் இணையச் சந்தையில் சிறிய அளவில் விற்றுவருகிறேன். விற்பவர் பக்கத்திலிருந்தும் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஆயிரம் பேர் ரேட்டிங் கொடுத்த கடையில் 999 பேர் ஐந்து ஸ்டாரும் ஒருவர் ஒரு ஸ்டாரும் கொடுத்தால் சராசரி 4.996. பார்ப்பவருக்கு அது ஐந்துதான். இருபது பேர் மட்டும் ரேட்டிங் கொடுத்த கடையில் அதே ஒரு ஸ்டார் சராசரியை 4.8-க்கு இறக்கிவிடும். அமேசானில் விற்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. குறைபாடுள்ள ஆர்டர்களின் விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை 60 நாள் கணக்கில் பார்க்கிறார்கள். விற்பனையாளருக்கு ஒன்று அல்லது இரண்டு ஸ்டார் விழுந்த ஆர்டரும் அந்தக் குறைபாட்டுக் கணக்கில் சேரும். அந்த 60 நாளில் ஐம்பது ஆர்டர் மட்டுமே வந்தவருக்கு ஒரே ஒரு கோபக்கார வாடிக்கையாளர் போதும், விகிதம் 2 சதவீதம் ஆகிவிடும். பெரிய கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காத விஷயம் சின்னக் கடைக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான்.

எனக்கு வந்த ஒரு ரிவ்யூவைச் சொல்கிறேன். ஏ6 அளவு நோட்டு. நீளம் 14.8 செ.மீ., அகலம் 10.5 செ.மீ. என்று விவரத்தில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் பேனா வைத்து எடுத்த படமும் இருக்கிறது. வாங்கியவர் எழுதியது இவ்வளவுதான்: “ரொம்பச் சின்னது. ஏமாற்று வேலை.” ஒரு ஸ்டார். ‘சின்னது’ என்றதில் எனக்கு வருத்தமில்லை, அது அவர் அபிப்பிராயம். ‘ஏமாற்று’ என்ற சொல்தான் குத்தியது.

இப்படி வந்ததும் பலரும் முதலில் செய்வது அதை நீக்கச் சொல்லிப் புகார் கொடுப்பது. புகார் கொடுக்க வேண்டியதற்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கெட்ட வார்த்தை, தனிப்பட்ட தொலைபேசி எண், முகவரி, ‘பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மோசமாக எழுதுவேன்’ என்ற மிரட்டல், இவையெல்லாம் விதிமீறல்கள். மிரட்டல் வந்தால் பேச்சை அந்தச் சந்தையின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்; வெளியே போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. அமேசானில் பொருளுக்கான ரிவ்யூ வேறு, விற்பனையாளருக்கான கருத்து வேறு. விற்பனையாளர் பகுதியில் பொருளைப் பற்றி மட்டும் ஒருவர் எழுதியிருந்தால் நீக்கக் கேட்கலாம். பொருளை அனுப்பும் வேலையை அமேசானே செய்திருந்து, டெலிவரி தாமதம் என்று திட்டியிருந்தாலும் கேட்கலாம். ஆனால் ‘இது நியாயமில்லை’ என்பது மட்டும் காரணமாகாது. யார் சொல்வது உண்மை என்று இந்தச் சந்தைகள் பஞ்சாயத்துக்கு உட்காருவதில்லை.

‘வாங்குகிறவர்களுக்கும் நாங்கள் மோசமான ரேட்டிங் கொடுக்க வழி வேண்டும்’ என்று சில விற்பனையாளர்கள் கேட்கிறார்கள். ஈபே என்ற இணையச் சந்தையில் அந்த வழி இருந்தது. பதிலுக்குப் பதில் கிடைக்குமே என்று பயந்து வாங்குகிறவர்கள் உண்மையை எழுதத் தயங்கினார்கள். 2008-ல் ஈபே அந்த வழியை மூடிவிட்டது. விற்கிறவளாக இருந்தாலும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். வாங்கியவர் வாயைக் கட்டிவிட்டுக் கிடைக்கிற ஐந்து ஸ்டாரை யார் நம்புவார்கள்?

அப்புறம் என்னதான் வழி? முதலில் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுத வேண்டும். இந்த வரிசை முக்கியம். கைவினைப் பொருட்களுக்கான எட்ஸி என்ற இணையச் சந்தையில் விற்பனையாளர் பொதுவில் பதில் போட்டுவிட்டால், வாங்கியவரால் தன் ரிவ்யூவை மாற்ற முடியாது. கோபத்தில் உடனே பதில் போடுகிறவர், அந்த ஒரு ஸ்டாரைத் தானே பூட்டுப் போட்டு வைக்கிறார். மெசேஜிலும் ரிவ்யூவைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது, பொருளைப் பற்றித்தான் பேச வேண்டும். ‘நோட்டு சின்னதாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். திருப்பி அனுப்ப விரும்பினால் ரிட்டர்ன் எடுத்துக்கொள்கிறேன்’ என்றால் போதும். ரிவ்யூவை எடுத்தால்தான் பணம் என்று பேரம் பேசினால் நாமும் அந்த மிரட்டல்காரர் செய்ததைத்தான் செய்கிறோம். அது விதிப்படியும் குற்றம்.

பதிலே வரவில்லை என்றால் பொதுவில் எழுதலாம். திட்டியவரை மனதில் வைத்து எழுதாதீர்கள், நாளைக்கு அதைப் படிக்கப்போகிற புது ஆளை நினைத்து எழுதுங்கள். நான் எழுதியது: “இந்த நோட்டு ஏ6 அளவு, 14.8 × 10.5 செ.மீ. சட்டைப் பையில் வைப்பதற்காகச் செய்தது. பெரியது வேண்டுமானால் ஏ5 இருக்கிறது. பிரிக்காத நோட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்.” அவ்வளவுதான். ‘ஏமாற்று’ என்ற சொல்லை நான் தொடவில்லை. அளவைப் படித்தாலே அந்தச் சொல் நிற்காது. ‘விவரத்தைப் படிக்காமல் வாங்கினால் நான் என்ன செய்ய’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் உண்மைதான், ஆனால் படிக்கிற புது ஆள் என்னிடம் வாங்கவே யோசிப்பார்.

சொந்தக்காரர்கள் நாலு பேரிடம் சொல்லி ஐந்து ஸ்டார் போடவைத்து அந்த ஒன்றை மூழ்கடிக்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். அது இன்னொருவரை ஏமாற்றுவது. அமெரிக்காவில் போலி ரிவ்யூக்களுக்கு எதிராக 2024-ல் தனி விதியே வந்துவிட்டது.

சந்தைகளை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கூரியரில் பார்சல் நசுங்கியதற்கும், மழையில் வண்டி தாமதமானதற்கும் விற்கிறவர் பெயரில்தான் ஸ்டார் குறைகிறது. டெலிவரிக்கு எல்லா இடத்திலும் தனி ரேட்டிங் வைத்து, அதைக் கடையின் சராசரியில் சேர்க்காமல் விட்டால் சின்ன விற்பனையாளர்களின் பாதிப் புலம்பல் தீர்ந்துவிடும்.

உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருளில் குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், ஒரு ஸ்டாரும் கொடுங்கள். ஆனால் விற்றவர் மாற்றுப் பொருள் அனுப்பி, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டால், ரிவ்யூவைத் திறந்து ‘சரிசெய்து கொடுத்தார்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாற்றும் வசதி பல சந்தைகளில் இருக்கிறது. நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள், தீர்ந்துபோன குறைக்கான ஸ்டார் அப்படியே கணக்கில் நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, ஒரு சிறு விற்பனையாளர்