வட்டாரக் கிறிஸ்தவ வணிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சேகர குருவானவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரங்கள்.

கடையில் நம் விசுவாசத்தை வாடிக்கையாளர் முன் எப்படி வைப்பது என்பதற்கு ஒரு நடைமுறை வகுத்துத் தரும்படி சென்ற பொதுக்குழு கேட்டுக்கொண்டது. நாசரேத், முதலூர், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று நம் பக்கத்தில் எந்தக் கடைவீதியில் நின்றாலும் எபெனேசர், யேகோவாயீரே, பெத்தேல் என்று வேதாகமப் பெயர்கள் எழுதிய பலகைகள் கண்ணில் படும். அந்தக் கடைகளில் அரிசியும் சிமெண்டும் மருந்தும் வாங்க வருகிறவர்களில் இந்துக்களும் இஸ்லாமியரும் நிறையப் பேர். அவர்கள் சாமான் வாங்க வந்தவர்கள், ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் அல்ல. இந்த ஆண்டு செயற்குழு எடுத்த முடிவுகள் எல்லாம் இதை மனதில் வைத்தே எடுக்கப்பட்டன. விரும்புகிறவர் வசனத்தைப் படிக்கட்டும், விரும்பாதவர் சரியான எடையில் பொருளை வாங்கிக்கொண்டு மன நிறைவோடு போகட்டும்.

ஆகவே முதலில் தராசிலிருந்து தொடங்கினோம். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழிகள் 11:1ஐப் பல மளிகைக் கடைகளில் மாட்டியிருக்கிறோம். அதை மாட்டிய கடையில் தராசின் முத்திரை காலாவதியாகி இருந்தால் அந்த வசனமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும், இரும்பு எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறையும் தொழிலாளர் துறையின் முத்திரை வாங்க வேண்டும். சான்றிதழைப் பெட்டிக்குள் வைக்காமல் வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் மாட்ட வேண்டும்.

முத்திரை இருந்தும் எடை தவறுவதற்குக் காரணங்கள் உண்டு. தராசின் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்காமல் இருக்கும், தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், மீன் கடையில் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும். காலையில் கடை திறந்ததும் முத்திரையிட்ட ஒரு கிலோ கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எடை காட்டாவிட்டால் அன்றைக்கு அந்தத் தராசில் வியாபாரம் வேண்டாம். அல்வாக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மஸ்கோத் அல்வா வாங்கவென்றே வெளியூரிலிருந்து முதலூருக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அட்டைப்பெட்டியின் எடையையும் சேர்த்து நிறுத்துக் கொடுப்பது சட்டப்படியும் குற்றம், தேவனுக்கு முன்பாகவும் குற்றம். காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தி, எண் பூச்சியம் ஆன பிறகே அல்வாவை வைக்க வேண்டும்.

பெயர்ப்பலகை விஷயத்துக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிப்படி தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றுக்கும் 5:3:2 என்ற அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி.யில் கம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு குறைந்த விகிதத்தை வரியாகக் கட்டும் முறையில்) இருப்பவர்கள் அந்த விவரத்தையும் பலகையில் எழுத வேண்டும். இத்தனையும் எழுதிய பிறகு ஒரு முழு வசனத்துக்கு இடம் இருக்காது. இடித்து நெருக்கி எழுதினால் கடைப்பெயரும் தெரியாது, வசனமும் தெரியாது. வெளியே பெயர் மட்டும் போதும், வசனம் உள்ளே கல்லாவுக்குப் பின்சுவரில் இருக்கட்டும் என்பது செயற்குழுவின் கருத்து. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று பலகை எழுதுகிறவர்கள் கணக்குச் சொல்வார்கள். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் சேர்ந்து எழுத்தின் உடல் சிறுத்துவிடுவதால், அதே தூரத்துக்கு ஒன்றரை அங்குலம் வைப்பது நல்லது. வெயில் படும் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர் சீக்கிரம் வெளுத்துவிடும். எழுத்தைத் திருப்பி அச்சிட்டு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ஓட்டல்களில் அடுப்பை ஒட்டிய சுவரில் வசனப் படம் மாட்ட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த திருவசனத்தைப் பார்ப்பதே வருத்தமாக இருக்கிறது.

பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவு செய்ய விரும்பும் உறுப்பினர்களுக்கு ஒரு குறிப்பு. சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறியை 1999ஆம் ஆண்டின் வர்த்தகக் குறிச் சட்டம் அனுமதிப்பதில்லை. புனித நூலின் பெயரை ஒருவர் தம் சரக்குக்கு மட்டும் உரியதாகக் கோர முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அது இராமாயணம் என்ற பெயரில் விற்ற ஊதுபத்தி பற்றிய வழக்கு. கடைப்பெயரோடு ஊரையோ குடும்பப் பெயரையோ சேர்த்துத் தனித்தன்மை உண்டாக்கிவிட்டு, பிறகு விண்ணப்பம் போடுங்கள். பதிவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தேவனுடைய நாமம் எழுதிய பலகையின் கீழ் பீடியும் சிகரெட்டும் சரமாகத் தொங்குவதும் கந்துவட்டிக்குப் பணம் கொடுப்பதும் இனி இருக்கக் கூடாது என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. தொங்குவதை எடுக்க மனமில்லாதவர்கள் பலகையை மாற்றிக்கொள்ளட்டும்.

ரசீதில் வசனம் அச்சிடுவது பற்றித்தான் இந்த ஆண்டு அதிகம் பேர் கேட்டார்கள். நம் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் 58 மி.மீ. அல்லது 80 மி.மீ. அகலத் தெர்மல் தாள். விலை குறைந்த பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. மென்பொருளில் தமிழில் அடித்தாலும் தாளில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ வந்து விழும். இதற்கு வழி, வசனத்தைப் படமாக்கி ரசீதின் அடியில் சேர்ப்பதுதான். கறுப்பு வெள்ளையில் மட்டும் இருக்க வேண்டும், சாம்பல் நிழல் கூடாது. தாளின் அகலத்தை விடப் படம் பெரிதாக இருந்தால் ஓரம் வெட்டுப்படும். படம் உயரமாக இருந்தால் அச்சு மெதுவாகும், தாளும் செலவாகும், கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் காத்து நிற்பார். இரண்டே வரி போதும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்ததை அப்படியே ஒருங்குறி (யூனிகோடு) கட்டத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். எழுத்துரு மாற்றியில் போட்டு, கொம்பும் காலும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

ரசீதின் தலைப்பில் வசனம் வேண்டாம். கம்போசிஷன் வணிகர் வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்ற அறிவிப்பு மேலே வர வேண்டும் என்பது விதி. உணவுக் கடைகள் 2022 ஜனவரி முதல் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் ரசீதில் போட்டாக வேண்டும். இவற்றை நசுக்கிவிட்டு வசனம் போட்டால் அபராதம் கட்டும் நிலைதான் வரும்.

எந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுப்பது என்பதிலும் குழப்பம் இருந்தது. சீர்திருத்தச் சபைகள் படிக்கும் பழைய திருப்புதலில் 'கர்த்தர்' என்று இருப்பது கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் 'ஆண்டவர்' என்று இருக்கும். ஏசாயா அங்கே எசாயா ஆகும். இரண்டில் எதை எடுத்தாலும் சரியே, ஆனால் ஒன்றின் வாசகத்துக்கு மற்றொன்றின் குறிப்பைப் போடாதீர்கள். அதைவிட மோசம் அதிகார எண்ணே தவறிப்போவது. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் இரண்டு பேர் வேதாகமத்தைத் திறந்து வைத்து ஒத்துப்பார்க்க வேண்டும். மனப்பாடத்தை நம்பி எழுதிக் கொடுத்ததால் வந்த பிழைகளே அதிகம்.

பையும் பெட்டியும் இன்னொரு சிக்கல். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருப்பதால் நம்மில் பலர் காகிதப் பைக்கு மாறினார்கள். காகிதப் பையில் அச்சிட்ட வசனம் மறுநாள் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது, மீன் சுற்றிய தாளில் கிடக்கிறது. அமெரிக்காவில் இன்-என்-அவுட் என்ற பர்கர் கடையினர் பானக் கோப்பையின் அடியில் யோவான் 3:16 என்று குறிப்பை மட்டும் சிறிதாக அச்சிடுகிறார்கள், வசனத்தை எழுதுவதில்லை. தேடுகிறவர் தேடிப் படிக்கலாம், மற்றவருக்கு அது கண்ணை உறுத்தாது. தூக்கி எறியப்படும் எதிலும் நாமும் குறிப்பை மட்டும் போடலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. முழு வசனம் வேண்டுமானால் துணிப்பையில் போடுங்கள். மஞ்சப்பையை மக்கள் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிறார்கள். பேக்கரி உறுப்பினர்கள் கேக் பெட்டியின் உட்புறத்தில் வசனம் அச்சிடுவதை நிறுத்த வேண்டும். அச்சுமை உணவில் படக் கூடாது. கிறிஸ்மஸ் கேக்குக்கு மூடியின் வெளிப்புறமே சரியான இடம்.

நாட்காட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் புதிய நாட்காட்டி மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகும். செப்டம்பருக்குள் ஆர்டர் கொடுத்துவிட்டால் மெய்ப்பு பார்க்க நேரம் கிடைக்கும். டிசம்பரில் ஓடினால் அவர்கள் வைத்திருக்கும் வசனம்தான், அவர்கள் போட்ட எழுத்துதான். தினம் கிழிக்கும் தாளை விட மாதத் தாள் நல்லது. கிழித்துப் போடுவது குறையும், வசனமும் ஒரு மாதம் கண்ணில் நிற்கும்.

ஞாயிறு விடுமுறை பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. எதிர்க்கடை திறந்திருக்கும்போது நாம் பூட்டுவது எளிதல்ல, அதிலும் ஆராதனை முடிந்து வரும் கூட்டம் பேக்கரிக்கு நல்ல வியாபாரம். அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ உணவக நிறுவனம் 1946இல் ஒரு சிறிய உணவகமாகத் தொடங்கியதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை என்பதை உறுப்பினர்கள் சிலர் எடுத்துக்காட்டினார்கள். செயற்குழு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மூடுகிறவர்கள் முழுதாக மூட வேண்டும். 'ஞாயிறு விடுமுறை' என்று பலகை மாட்டிவிட்டு, அரை ஷட்டரைத் தூக்கித் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்பது திறந்து வைப்பதைவிடக் கெட்ட சாட்சி. மருந்துக் கடைகள் முறைவைத்துத் திறக்கட்டும், அன்றைக்குத் திறந்திருக்கும் கடையின் பெயரை மூடிய கடையின் கதவில் எழுதி ஒட்டுங்கள். பேக்கரிக்காரர்கள் வெள்ளிக்கிழமை மாவிலேயே அளவைக் குறைத்தால்தான் சனி இரவு ரொட்டி தேங்காது.

பணியாளர் விஷயத்தில் செயற்குழு உறுதியாக இருக்கிறது. காலை ஜெபத்துக்கு வர விரும்பாத பணியாளரை வரச் சொல்லக் கூடாது, வராததற்காக அவருக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. கடைப் பணியாளர்கள் நாள் முழுதும் நிற்பதைத் தடுக்க இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்ற வசனம் தொங்கும் ஜவுளிக் கடையில் முதலில் போட வேண்டியது ஸ்டூல்தான்.

வாடிக்கையாளர்களிடையே வேறுபாடு கூடாது. 'விசுவாசிகளுக்குத் தள்ளுபடி' என்ற அறிவிப்புகளை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டோம். பண்டிகைத் தள்ளுபடி என்றால் எல்லாருக்கும்தான். கைப்பிரதிகளைக் கல்லா மேசையில் வையுங்கள், பொட்டலத்துக்குள் செருகாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்க்கும் மாற்று மதத்தவருக்கு அது தந்திரமாகத் தோன்றும். அலாஸ்கா ஏர்லைன்ஸ் பல ஆண்டுகளாக உணவுத் தட்டில் வைத்துவந்த ஜெப அட்டைகளைப் பயணிகளின் மனக்குறையால் 2012இல் நிறுத்தியது. தட்டில் வந்ததை வேண்டாம் என்று சொல்ல வழி இல்லாததே அங்கே குறை. ரசீதுக்காக வாங்கிய கைப்பேசி எண்ணுக்குத் தினம் வசனம் அனுப்புவதும் அப்படித்தான். கேட்டு, சம்மதித்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்ன அன்றே நிறுத்துங்கள். பாட்டு ஒலிக்கும் கடைகளில் இரண்டு பேர் பேசினால் கேட்கும் அளவுக்குச் சத்தம் குறைவாக இருக்கட்டும். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு உரிமை யாரிடமும் இல்லை, ஆனால் இன்றைய பாடகர் பாடிய ஒலிப்பதிவுக்கு உண்டு. கடையில் ஒலிக்க விடுவது பொது நிகழ்த்தல் என்பதால் உரிமம் தேவைப்படும்.

கடைசியாக, கடன் பாக்கி. பற்று நோட்டு வைத்திருக்கும் கடைகளில் ரோமர் 13:8ஐ, ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மாட்டும் வழக்கம் இருக்கிறது. அன்புகூருகிற கடன் ஒன்று உண்டு என்பதுதான் அந்த வசனத்தின் உயிர். அதை விட்டுவிட்டுப் பாக்கிக்காரரை வெட்கப்படுத்த வேதத்தைப் பயன்படுத்தக் கூடாது. கடன் இல்லை என்றால் 'கடன் இல்லை' என்றே எழுதுங்கள். பாக்கியை ஆள் பார்த்து, தனியே, தணிந்த குரலில் கேளுங்கள்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். வரும் ஆண்டில் உறுப்பினர் கடைகளின் தராசு முத்திரைத் தேதிகளை ஒரே பதிவேட்டில் எழுதி, காலம் முடிய ஒரு மாதம் முன்பே நினைவூட்டுவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. சான்றிதழின் நகலை இன்றைக்கே கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்