மூணு நாலுன்னு சொன்னதுதான் தப்பு, மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியா. நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் பாதி கடல் எரைச்சல்தான் கேட்டுச்சு, சரி போன்ல பேசுனா இதெல்லாம் சொல்லி முடியாதுன்னு உக்காந்து எழுதுறேன், துறைமுகத்துல நெட் கெடைக்கும்போது நிதானமா படி.

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவால்ல. மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சது, ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எல்லாம் வரிசையா கட்டிக் கெடக்கு, நாட்டுப்படகு கொண்டு வர்ற நண்டும் கணவாயும்தான் இப்ப ஏலத்துக்கு வருது, காலைல ஒரு மணி நேரத்துல என் யாவாரம் முடிஞ்சுரும். நம்ம பாம்பன் புது ரயில் பாலம் நீ இன்னும் பாக்கல்ல. கப்பலுக்கு வழி விட நடுவுல 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேரா மேல ஏறுது மாப்ள, பழசு மாதிரி ரெண்டா பிரிஞ்சு தொறக்கல. நீ வந்தா கூட்டிட்டுப் போறேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். போன லீவுல நீ சொல்லிக்குடுத்துட்டுப் போனியே அந்த டூடோங்கிற டைஸ் ஆட்டம், கப்பல்ல பெரு நாட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டதுன்னு, டூடோன்னா அவங்க பாஷைல 'சந்தேகமா இருக்கு'ன்னு அர்த்தம்னு சொன்னியே, அது இப்ப நம்ம வலைக் கொட்டகைல தெனமும் சாயந்தரம் நடக்குது. காசு கிடையாது, தோக்குறவன் எல்லாருக்கும் டீ வாங்கணும், அவ்வளவுதான். கப்புக்கு சிரட்டை. உள்பக்கம் நல்லா தேய்ச்சு வழவழன்னு ஆக்கி வச்சிருக்கோம், அஞ்சு டைஸையும் போட்டு குலுக்கி பாய்ல கவுத்தா ஒரு சத்தம் வரும் பாரு, அப்பறம் ஓரத்த லேசா தூக்கி கண்ண இடுக்கிக்கிட்டுப் பாக்கணும்.

உங்க சித்தப்பா மொதல்ல இதெல்லாம் ஒரு ஆட்டமான்னு கேட்டாரு. அவருக்கு தாயம்தான் ஆட்டம். தாயத்துல ரெண்டு கட்டையும் 16 விதமா விழும், அதுல தாயம் ரெண்டே ரெண்டு, அதாவது எட்டுக்கு ஒண்ணு, ஆனா என்ன விழுந்தாலும் சுத்தி உக்காந்திருக்கிற அத்தன பேரும் பாத்துருவாய்ங்க, அங்க பொய்க்கு எடமே இல்ல. இதுல அவனவன் சிரட்டைக்குள்ள இருக்கிறது அவனவனுக்கு மட்டும்தான் தெரியும். ரூல் சொல்லி அவருக்கு வெளங்கல, அப்பறம் "சித்தப்பா, இது நம்ம மீன் ஏலம்தான், ஆனா கூடைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் முழுசா தெரியாது, எல்லார் கூடையையும் சேத்து அஞ்சு எத்தன, நாலு எத்தனன்னு ஏலம் கேக்கணும், மூணு நாலுன்னா நாலு விழுந்த டைஸ் மூணு இருக்குன்னு அர்த்தம், அடுத்தவன் ஏத்திக் கேக்கணும் இல்லைன்னா பொய்னு சொல்லணும்"னு சொன்னேன், டக்குனு புடிச்சுக்கிட்டாரு. ஒண்ணு விழுந்தா அது எந்த நம்பராவும் ஆகும்னதும் அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. பொய் பிடிபட்டா சொன்னவனுக்கு ஒரு டைஸ் போச்சு, உண்மையா இருந்தா சந்தேகப்பட்டவனுக்குப் போச்சு. இப்ப கொட்டகைல இதுக்குப் பேரே பொய் ஏலம்.

என் மக பன்னெண்டாவது போறால்ல, அவ நோட்டுல கணக்குப் போட்டுக் காட்டுனா. நாலு பேர் ஆடுனா 20 டைஸ், என்னுது அஞ்சு போக தெரியாதது 15. ஒண்ணு விழுந்தாலும் நம்ம நம்பரோட சேர்றதால மூணு டைஸுக்கு ஒண்ணு நமக்கு ஒத்து வரும், அப்ப 15ல அஞ்சு. எங்கிட்ட ரெண்டு அஞ்சு இருந்தா ஏழு அஞ்சு வரைக்கும் தைரியமா போகலாம், அது உண்மையா இருக்க 60 சதவீதம் வாய்ப்பு. ஆனா எட்டுக்கு 38தான், ஒம்போதுன்னா 20. பாத்தியா, ரெண்டே ரெண்டு ஏத்து, 60 போயி 20 ஆயிருது. நான் இத்தன நாளும் ஒண்ணு ஏத்துனா என்ன ஆயிரப் போகுதுன்னு அந்த எடத்துலதான் ஏத்திக்கிட்டு இருந்திருக்கேன். இது தெரிஞ்சப்பறம் ஒரு வாரம் நல்லா ஜெயிச்சேன்.

ஆனா கணக்கு ஒரு எல்லை வரைக்கும்தான் மாப்ள கூட வருது. முந்தாநாள் நடந்தத சொல்றேன், ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மத்தவய்ங்க எல்லாம் அவுட்டு. எனக்கு மூணு டைஸ், சித்தப்பாவுக்கு ரெண்டு. நான் தூக்கிப் பாத்தேன், நாலு, நாலு, ஒண்ணு. அதாவது மூணு நாலு என் கைலயே இருக்கு. அவர் மொத ஏலம், "ரெண்டு அஞ்சு"ன்னாரு, கண்ணு வலை மேல இருந்துச்சு. நான் "மூணு நாலு"ன்னு சொன்னேன், பொய்னு சொன்னா அவருக்குத்தான் நஷ்டம்னு தெம்பா சொன்னேன். அவர் வாய்ல இருந்த வெத்தலைய ஒருபக்கம் ஒதுக்கிட்டு, "நாலு நாலு". இப்ப எனக்கு ரெண்டே வழி. அஞ்சு நாலுன்னு ஏத்துனா அவரோட ரெண்டு டைஸும் நாலா இல்ல ஒண்ணா இருக்கணும், அது ஒம்போதுல ஒண்ணுதான். பொய்னு சொன்னா ஜெயிக்க ஒம்போதுல நாலு. அதோட அவர் மொதல்லயே அஞ்சுன்னாரே, அப்ப கைல அஞ்சுதான் வச்சிருக்காருன்னு நெனச்சு பொய்னேன். சிரட்டைய எடுத்தாரு. ஒரு ஆறு, ஒரு ஒண்ணு.

அஞ்சே இல்ல மாப்ள! ஒண்ணு இருந்ததால எந்த நம்பரச் சொன்னாலும் பாதி உண்மை, அத வச்சு அஞ்சுன்னு சொல்லி ஆற மறைச்சுட்டாரு, என் மூணுல ஒண்ணாவது அஞ்சாவோ ஒண்ணாவோ இருக்க 27ல 19 வாய்ப்பு இருக்கும்போது அது பெரிய பொய்யும் இல்ல. எப்படி சித்தப்பா நாலு நாலுன்னு ஏத்துனீகன்னு கேட்டேன். "நீ இன்னைக்கு பூரா பொய்யே சொல்லலடா, நீ மூணுன்னா மூணு இருக்கும், எங்கிட்ட ஒண்ணு இருக்கு, மூணும் ஒண்ணும் நாலு"ன்னுட்டு வெத்தலைய துப்ப எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் ரெண்டு ரவுண்டுல ஆட்டமும் அவருக்கு.

நான் யோசிச்சுப் பாத்தது இதுதான். நான் பொய்னு சொன்னது தப்பில்ல, அந்த எடத்துல வேற வழி இல்ல, தப்பு அதுக்கு முந்தியே நடந்துருச்சு. கைல இருந்த உண்மை மொத்தத்தையும் ஒரே ஏலத்துல கொட்டிட்டேன். அதுக்கு மேல நான் ஏத்த எடமே இல்ல, அவர் ஒரு படி ஏத்துனதும் நான் முட்டுச் சந்துல நிக்கிறேன். "ரெண்டு ஆறு"ன்னு சொல்லிருந்தா? எங்கிட்ட ஒண்ணு இருக்கு, பாதி உண்மைதான், ஆனா என் நாலு ரெண்டும் மறைஞ்சிருக்கும், அடுத்த சுத்துல நான் ஏற எடம் இருந்திருக்கும். காலைல ஏலத்துல நான் இதச் செய்யவே மாட்டேன். கிலோ 400க்கு வாங்கலாம்னு மனசுல இருந்தா 400ன்னு மொதல்லயே கேக்குற யாவாரி உண்டா, 320ல ஆரம்பிச்சு எதிராளி மொகத்தப் பாத்துத்தான் ஏறுவோம். அதே நான் சிரட்டைய கவுத்ததும் எல்லாத்தையும் மறந்துட்டேன்.

இன்னொன்னு. நம்ம எளந்தாரிப் பயலுக எல்லா ரவுண்டுலயும் அளந்து விடுறாய்ங்க, பத்து நிமிஷத்துல அவய்ங்க சொல்ற எதுக்கும் மதிப்பு இல்லாம போயிருது, உண்மைய சொன்னாக்கூட பொய்னு தூக்குறாய்ங்க. நான் அதுக்கு நேர் எதிர், எப்பவும் உண்மை, அதனால என் வாயே என் டைஸ காட்டிக் குடுத்துருச்சு. சித்தப்பா ரெண்டும் இல்ல. நாலஞ்சு தடவ சுத்தமா சொல்லுவாரு, நாம நம்பிப் பழகுனதும் ஒண்ணு மறைப்பாரு, எது அதுன்னு அவர் மொகத்துல ஒண்ணுமே தெரியாது, கையும் ஆடாது, குரலும் ஏறாது. 40 வருஷம் கடலுக்குப் போயி வந்த மனுஷன்டா, அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பெருசா தெரியுது.

இப்ப உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஒருத்தன் மொத தடவ ஒரே டைஸுக்கு வந்துட்டா அந்த ரவுண்டுல ஒண்ணுக்கு எந்த நம்பராவும் ஆகுற மவுசு கிடையாது, ஆரம்பிச்ச நம்பரையும் மாத்தக் கூடாதுன்னு சொன்னியே, அப்ப மூணுல ஒண்ணு கணக்கு ஆறுல ஒண்ணு ஆயிருது, அந்த எடத்துல உங்க கப்பல்காரங்க எப்படி ஆடுவாங்க? நாங்க அங்க எல்லாரும் தடுமாறுறோம், சித்தப்பாவும்தான். வெவரமா எழுது. அந்த நாலு, நாலு, ஒண்ணு உன் கைல இருந்திருந்தா நீ என்ன கேட்டிருப்பன்னும் எழுது.

ஜூன் 14க்கு அப்பறம் விசைப்படகு எல்லாம் கடல்ல எறங்கிரும், கொட்டகைல ஆள் கொறஞ்சிரும். அதுக்குள்ள வரப் பாரு. டைஸ்ல ரெண்டு மணலுக்குள்ள விழுந்து காணாமப் போச்சு, வரும்போது ஒரு பத்து வாங்கிட்டு வா, சின்னதா வேணாம், சித்தப்பாவுக்கு கண்ணு தெரிய மாட்டேங்குது, புள்ளி பெருசா இருக்கிறதா பாரு.

உன்
மச்சான்
பாம்பன்