புதிய மேப்புகளுக்கு ஒரு நாற்றங்கால் வேண்டும்

ஆசிய மண்டலத்தில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 சிக்ஸஸ் லீக்குகளை நடத்தும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்னையில் இருந்துகொண்டு சிங்கப்பூர் செர்வர்களில், கணினித் துப்பாக்கிச்சண்டை விளையாட்டான டீம் ஃபோர்ட்ரஸ் 2-ஐ ஆறுக்கு ஆறு பேர் மோதும் சிக்ஸஸ் முறையில் ஆடுபவன் நான். அணியினரின் காயத்தை ஆற்றும் மெடிக் என் பாத்திரம். ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசனுக்கான பதிவு தொடங்கும் வரை நம் செர்வர்கள் காலியாகக் கிடக்கின்றன. அந்த வாரங்களில் புதிய மேப்புகளை, அதாவது புதிய ஆட்டக்களங்களை, மட்டுமே ஆடும் ஒரு சிறிய லீக்கை நடத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆடிய ஒரு லீக்கில், சீசனின் மூன்றாவது வாரத்துக்குப் கைப்பற்ற வேண்டிய ஐந்து இடங்கள் கொண்ட புதிய 'ஐந்து புள்ளி' மேப் ஒன்றை வைத்தார்கள். அறிவிப்பு வந்ததற்கும் ஆட்டத்துக்கும் இடையே பத்து நாட்கள்தான். எங்கள் அணி அதில் இரண்டு பயிற்சி ஆட்டங்கள் ஆடியது. எதிரணி ஒன்றுகூட ஆடவில்லை. ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் இரண்டாம் புள்ளிக்குப் போகும் படிக்கட்டின் ஓரத்தில் ராக்கெட் ஏந்திய எங்கள் சோல்ஜர் சிக்கிக்கொண்டார். ஆள் சிக்காமல் நகர வைக்கும், கண்ணுக்குத் தெரியாத 'கிளிப்' சுவரை அங்கே போட மறந்திருந்தார்கள். சற்று நேரத்தில் எதிரணியின் குண்டு வீசும் டெமோமேன் எங்கள் கடைசிப் புள்ளியின் மேல் ஒரு குறுகிய விளிம்பைக் கண்டுபிடித்தார். கீழேயிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது. மேலேயிருந்து புள்ளி முழுவதும் ஸ்டிக்கி என்ற ஒட்டும் குண்டுகளைப் போடலாம். மீதி ஆட்டம் முழுவதும் இரு அணிகளும் அந்த விளிம்பைச் சுற்றியே ஆடின. முப்பது நிமிட முடிவில் 1-0. தோற்றவர்கள் நாங்கள். அந்த ஒரு தோல்வியால் பிளேஆஃப் வாய்ப்பும் போயிற்று.

ஆனால் இன்றும் என்னை உறுத்துவது அந்தத் தோல்வி அல்ல. அந்த மேப்பை உருவாக்கியவர் ஒரு கல்லூரி மாணவர். எட்டு மாதங்கள் அதில் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு அவர் காதில் விழுந்தவை எல்லாம் வசைகள்தான். மறுவாரமே கேப்டன்கள் வாக்களித்து மேப்பை நீக்கிவிட்டார்கள். அவர் மூன்றே நாட்களில் கிளிப்பைச் சரிசெய்து, விளிம்பை அடைத்து, புதிய பதிப்பை வெளியிட்டார். அதை எவரும் ஏற்றிப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவர் சிக்ஸஸுக்கு மேப் செய்யவே இல்லை.

அந்த இரண்டு குறைகளும் முதல் மூன்று ஆட்டங்களிலேயே வெளிப்பட்டிருக்கும். புள்ளிக்கணக்கு ஏறாத ஆட்டங்களில் வெளிப்பட்டிருந்தால் எவருக்கும் நட்டமில்லை. எங்கள் சீசனும் பிழைத்திருக்கும், அந்த மேப்பும் பிழைத்திருக்கும். விதையை நேராக வயலில் வீசிவிட்டு, முளைக்கவில்லை என்று விதையைத் திட்டினோம். நாற்றங்கால் என்று ஒன்று நம்மிடம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இன்று நாம் நம்பி ஆடும் மேப்புகள் எப்படி வந்தன என்று கோப்புப் பெயர்களை வைத்தே பார்க்கலாம். ப்ராசஸ் மேப்பின் கோப்பில் 'எஃப்12' என்று இருக்கிறது. 'எஃப்' என்றால் இறுதிப் பதிப்பு. இறுதி என்று சொன்ன பிறகும் அது அத்தனை முறை திருத்தப்பட்டிருக்கிறது! கல்லிவாஷ் மேப்பின் கதையும் அதுவேதான். விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தந்த கிரானரி மேப் அப்படியே ஆடுவதற்கு ஒத்துவரவில்லை. போட்டியாளர்களுக்காகத் திருத்திய 'கிரானரி ப்ரோ' என்ற பதிப்பு வந்தது. ப்ராடக்ட் என்று நாம் ஆடும் மேப், வயாடக்ட்டைப் போட்டிக்கு ஏற்றபடி மாற்றி மாற்றிச் செதுக்கியதன் விளைவு. இவற்றில் எதுவும் முதல் நாளிலேயே நல்ல மேப்பாக இருந்ததில்லை. ஆடியவர்கள் குறை சொன்னார்கள், செய்தவர்கள் திருத்தினார்கள், லீக்குகள் பொறுமையாக இடம் கொடுத்தன. அந்தப் பொறுமையை நாம் எங்கோ தொலைத்துவிட்டோம்.

மேலிடத்தில் இருந்து எவரும் வந்து நமக்கு மேப் தரப்போவதில்லை. 2007 அக்டோபரில் வெளிவந்த விளையாட்டு இது. போட்டிக்காரர்களைக் கருத்தில் கொண்டு வால்வ் செய்த பெரிய முயற்சி 2016 ஜூலையில் வந்த மீட் யுவர் மேட்ச் என்ற புதுப்பிப்பு. சன்ஷைன், மெட்டல்வொர்க்ஸ் என்ற மேப்புகள் அதிகாரப்பூர்வமாக விளையாட்டுக்குள் வந்தது அப்போதுதான். அவையும் சமூகத்தில் இருந்தவர்கள் உருவாக்கியவையே. 2017 அக்டோபரின் ஜங்கிள் இன்ஃபெர்னோவுக்குப் பிறகு அந்த அளவிலான புதுப்பிப்பு எதுவும் வரவில்லை. இப்போது பருவத்துக்குப் பருவம் சேர்க்கப்படும் சமூக மேப்புகளில் பெரும்பாலானவை இருபத்துநான்கு பேர் கூடி ஆடும் பொது ஆட்டத்துக்கு உரியவை. சிக்ஸஸில் எந்த மேப் ஆடப்பட வேண்டும் என்பதை ஐரோப்பாவில் ஈடிஎஃப்2எல், வட அமெரிக்காவில் ஆர்ஜிஎல், ஆஸ்திரேலியாவில் ஓஸ்ஃபோர்ட்ரஸ் போன்ற லீக்குகள்தான் முடிவு செய்கின்றன. நம் மண்டலத்தில் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

'மேப் செய்பவர்களுக்கு ஏற்கெனவே சோதனை ஆட்டங்கள் இருக்கின்றனவே' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன, அவற்றால் பயனும் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பேர் ஆடும் சோதனையில் தெரிவது வேறு, நம் ஆட்டத்தில் தெரிவது வேறு. அங்கே ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் நிற்பார். ஆறு பேர் ஆடும்போது வேகமாக ஓடும் இரண்டு ஸ்கௌட், இரண்டு சோல்ஜர், ஒரு டெமோமேன், ஒரு மெடிக் மட்டும்தான். எல்லா வாசலையும் காக்க ஆள் கிடையாது. பக்கவழி ஓர் அடி கூடுதல் அகலமாக இருந்தாலே அதன் வழியே வரும் ஸ்கௌட் என் கழுத்தை அறுத்துவிட்டுப் போய்விடுவார். காயம் படாமல் காக்கும் என் 'உபர்' சக்தி நிரம்ப ஏறக்குறைய நாற்பது விநாடிகள் ஆகும். பயன்படுத்தினால் எட்டு விநாடிகளில் தீர்ந்துவிடும். அந்த எட்டு விநாடிகளுக்குள் நான் வாசலில் இருந்து கடைசிப் புள்ளிக்குப் போய்ச் சேர முடியுமா? முடியாது என்றால் அந்த மேப்பில் தாக்குபவர்களால் ஒருபோதும் உள்ளே நுழைய முடியாது. சுவருக்கு இந்தப்புறம் ஆறு பேர், அந்தப்புறம் ஆறு பேர், யார் முதலில் பொறுமை இழப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆட்டம் முடியும். மிக எளிதாக முடியும் என்றால் நடுப்புள்ளியான மிட்டில் நடக்கும் சண்டையில் வென்றவரே ஒவ்வொரு சுற்றையும் வெல்வார். இவ்விரண்டுக்கும் நடுவே மேப்பை நிறுத்துவது சில அடித் தூரமும் ஒரு மருந்துப்பெட்டியின் இடமும்தான். அதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. வெல்ல விரும்பும் இரண்டு அணிகள் மோதிக்கொள்ள வேண்டும்.

வெல்ல விரும்பும் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன். வந்தவர்களைச் சேர்த்து அப்போதைக்கு ஆடும் பிக்அப் ஆட்டங்களில் புதிய மேப்பைப் போட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள். எவரும் மிட்டுக்குப் போகும் வேகமான வழியைப் பழகி வர மாட்டார்கள், எந்த மூலையில் ஒளியலாம் என்று தேட மாட்டார்கள். ஒரு மேப்பின் கெட்ட மூலைகள் கெட்ட எண்ணத்தோடு தேடுபவருக்கு மட்டுமே தென்படும். அதற்குப் புள்ளிப்பட்டியல் வேண்டும், எதிரணி வேண்டும், நாள் குறித்த ஆட்டம் வேண்டும். லீக்தான் வேண்டும்.

பிற விளையாட்டுகள் இதைப் பல வழிகளில் செய்து பார்த்திருக்கின்றன. ஸ்டார்கிராஃப்ட் 2 வந்த 2010இல் அதன் மேப்புகள் பல மிகச் சிறியவை. ஸ்டெப்ஸ் ஆஃப் வார் போன்றவற்றை அக்காலத்தில் ஆடியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2011 தொடக்கத்தில் கொரியாவின் ஜிஎஸ்எல் போட்டித்தொடர் பெரிய மேப்புகளைத் தானே கொண்டுவந்து ஆட்டத்தின் முகத்தையே மாற்றியது. பின்னாளில் டீம்லிக்விட் இணையதளம் நடத்திய மேப் போட்டிகளில், தேர்வான மேப்புகளை வைத்துத் தனி ஆட்டத்தொடர் நடத்திப் பார்க்கும் வழக்கமும் வந்தது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அனுபிஸ் என்ற மேப் சமூகத்தில் உருவானது. 2020இல் விளையாட்டுக்குள் வந்தது, தொழில்முறைப் போட்டிகளுக்கான ஏழு மேப்புகளில் ஒன்றாக 2022 நவம்பரில்தான் சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. நம்மிடம் அவர்களிடம் இருக்கும் பணமோ ஆள்பலமோ இல்லை. ஆனால் நாம் ஆடுவது ஆறு வாரங்களில் நிறையத் தெரிந்துகொள்ளக்கூடிய ஆட்டம்.

என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். மொத்தம் ஆறு வாரம். ஆறு அணிகள் போதும். மூன்று மேப்புகள் மட்டும். ஒவ்வொன்றும் தொடர்ந்து இரண்டு வாரங்கள். முதல் வாரத்தில் ஒவ்வோர் அணியும் அதே மேப்பில் இரு வேறு அணிகளோடு இரண்டு ஆட்டங்கள் ஆடும். வார இறுதியில் டெமோக்கள் என்ற ஆட்டப் பதிவுகளும் லாக்குகள் என்ற புள்ளிவிவரங்களும் மேப் செய்தவரின் கைக்குப் போகும். அவர் திருத்துவார். இரண்டாவது வாரம் திருத்திய பதிப்பில் மறுபடி இரண்டு ஆட்டங்கள். இப்படிச் செய்தால் ஒரு மேப்புக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள் கிடைக்கும். ஆறு மணி நேர ஆட்டம், அதுவும் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி. இன்றைக்கு எந்த மேப் செய்பவருக்கும் இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒரு புதிய மேப் என்று சுழற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முதல் ஆட்டத்தில் எல்லா மேப்பும் மோசமாகத்தான் தோன்றும், ஏனென்றால் எவருக்கும் வழி தெரியாது. மூன்றாவது ஆட்டத்தில் வரும் கருத்துதான் மேப்பைப் பற்றியது. அதற்கு முந்தையது ஆடியவரின் குழப்பத்தைப் பற்றியது.

கருத்துக் கேட்கும் முறையையும் மாற்ற வேண்டும். 'பிடித்ததா, பிடிக்கவில்லையா' என்று கேட்டால் ப்ராசஸ் மாதிரி இல்லையே என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தேங்கி நின்றீர்கள்? எங்கே பார்க்காத ஆளிடம் செத்தீர்கள்? எந்த வாசலை ஆட்டம் முழுவதும் எவரும் பயன்படுத்தவில்லை? இந்த மூன்று கேள்விகள் போதும். இவற்றை ஒவ்வோர் அணியின் மெடிக்கிடமும் தனியாகக் கேளுங்கள். ஒரு மேப்பில் அதிக நேரம் பின்னால் நின்று சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான்.

இந்த லீக்கில் தரஉயர்வு, தரஇறக்கம் வேண்டாம். ஆள் குறைந்தால் எந்த அணியில் இருந்தும் மெர்க், அதாவது மாற்று ஆட்டக்காரர், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புள்ளிப்பட்டியலும் ஓர் இறுதிப் போட்டியும் கட்டாயம் இருக்கட்டும். வால்வ் சமூக லீக்குகளுக்கு விளையாட்டுக்குள்ளேயே பதக்கங்கள் தருகிறது அல்லவா? ஆடியவர்களுக்கு ஒன்று கேட்டுப் பாருங்கள். மேப் செய்தவருக்கும் ஒன்று கேளுங்கள். அந்தச் சிறு பதக்கம் மார்பில் தொங்குவதற்காக எவ்வளவு பேர் ஒரு சீசன் முழுக்க விடியற்காலை வரை ஆடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

பெரிய அணிகள் ஓய்வில் இருக்கும், வராது என்ற கவலை நியாயமானது. வராவிட்டால் போகட்டும். இறுதியில் அடுத்த சீசனுக்குத் தேர்வாகும் மேப்பை அவர்கள் பழகாமல் வருவார்கள், இங்கே ஆடியவர்கள் பழகி வருவார்கள். இரண்டாவது முறை நிச்சயம் வருவார்கள். கீழ்ப்பிரிவு அணிகளைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆசை இருக்கிறது. பேட்லேண்ட்ஸிலும் ப்ராசஸிலும் பத்து ஆண்டுகளாக ஆடுபவர் ஒவ்வொரு பாறையையும் அறிவார். நேற்று வந்த மணிலா இளைஞனோ, கோவையில் இருந்து முதல் சீசன் ஆடும் பெண்ணோ அந்தப் பத்து ஆண்டுகளை எங்கே போய்த் தேடுவார்கள்? புதிய மேப்பில்தான் எல்லோரும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறார்கள்.

முடிவுக்கு ஒரு தேதி குறியுங்கள். அடுத்த சீசன் பதிவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக, எந்த மேப் சேர்கிறது, எது போகிறது என்று அறிவித்துவிடுங்கள். ஒன்றுக்கு மேல் சேர்க்க வேண்டாம். எதுவும் தேறவில்லை என்றால் எதையும் சேர்க்க வேண்டாம். அதுவும் சோதனையின் பயன்தான். சேர்த்த மேப்பின் பதிப்பு அந்த சீசன் முடியும் வரை மாறக்கூடாது. தேர்வாகாத மேப்புகளைச் செய்தவர்களுக்கு, ஏன் தேர்வாகவில்லை என்று நான்கு வரியாவது எழுதி அனுப்புங்கள். அந்த நான்கு வரி கிடைத்திருந்தால் நான் முதலில் சொன்ன மாணவர் இன்றும் நம்மோடு இருந்திருப்பார் என்று நம்புகிறேன்.

வேலை கூடுகிறது என்பதை அறிவேன். நீங்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் இரவில் கண்விழித்து இதை நடத்துகிறீர்கள். அதனால் வெறுங்கையோடு கேட்கவில்லை. டெமோக்களைச் சேகரித்து, தேங்கிய இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்து, மேப் செய்பவர்களுக்கு வாரந்தோறும் அனுப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் அணியின் ஆறு பேரும் ஆறு வாரமும் ஆட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சனி, ஞாயிறு இரவுகளில் எந்த நேரம் குறித்தாலும் வருவோம். இன்னும் ஐந்து அணிகள் வேண்டும். பதிவை நீங்கள் திறந்தால் அவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் லீக்குகளில் ஆடும் ஒரு மெடிக்,
சென்னை