ஸ்மார்ட் போர்டைத் திறக்கத் தெரியும், பாடம் நடத்தப் பழக்குங்கள்

ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிட்டு, அதற்கான கட்டகம் (பயிற்சிக் கையேடு) எழுதும் அலுவலர்களுக்கும் கல்வியாளர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த எங்களுக்குத் தரப்படும் பயிற்சி பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

கருவி இல்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. முதலில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் வந்தது. அப்புறம் எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. 22 ஆயிரத்துக்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்), தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட், 2018இலிருந்து வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு, 2023 ஜூலையில் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இவ்வளவு பணம் இறங்கியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் அப்பா வேலை முடிந்து திரும்பினால்தான் செல்பேசியே இருக்கும். அவர்களுக்குப் பெரிய திரையில் ஒரு முக்கோணத்தைத் தொட்டு இழுத்துப் பார்க்கும் வாய்ப்பு பள்ளியில் மட்டும்தான் கிடைக்கிறது. அதனால்தான் அந்த வாய்ப்பு வீணாகும்போது பொறுக்க முடியவில்லை.

பயிற்சி நாளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மாநில அளவில் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு (பயிற்சி தருபவர்களுக்கு) சொல்கிறார்கள். அது வட்டார வள மையத்துக்கு வந்து, கடைசியில் எங்களிடம் வருகிறது. நான் போன ஒரு பயிற்சியில் கூடம் நிறைய ஆசிரியர்கள், ஒரே ஒரு போர்டு. லாகின் ஆகவில்லை, சிலருக்கு ஓடிபி வரவில்லை என்று காலை முழுவதும் போயிற்று. மதியம் பிபிடியைத் திரையில் போட்டு வரி வரியாக வாசித்தார்கள். முன்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பேர் போர்டைத் தொட்டுப் பார்த்தார்கள், ஓய்வு பெறப் போகும் வயதில் இருந்த ஆசிரியை ஒருவர் கடைசி வரை எழுந்தே வரவில்லை. இளைஞர்கள் நடுவே தப்பாகத் தொட்டுவிடுவோமோ என்ற கூச்சம் அவருக்கு. பின்னூட்டப் படிவத்தை நிரப்பிவிட்டு எல்லோரும் கிளம்பினோம். அந்தக் கருத்தாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்தனுப்பியதே அவ்வளவுதான்.

எதை இழுத்தால் எது நகரும், எங்கே சேமிக்க வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். எங்களுக்குத் தேவைப்படுவது வேறு. ஏழாம் வகுப்பில் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்து, முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூடுதல் மாறாது. பார்க்க அழகாக இருக்கும். பாடம் தொடங்கியதும் நேரே அதைக் காட்டிவிட்டால் பிள்ளைகள் "ஓ..." என்பார்கள், ஐந்து நிமிடத்தில் மறந்தும் போவார்கள். முதலில் ஆளுக்கொரு முக்கோணம் நோட்டில் வரையச் சொல்லி, கோணமானி வைத்து அளக்கவிட வேண்டும். ஒருவனுக்கு 178 வரும், இன்னொருத்திக்கு 183 வரும், யாருடையது சரி என்று சண்டை வரும். அந்தச் சண்டை சூடாக இருக்கும்போது போர்டைத் திறக்க வேண்டும். முனையை நகர்த்துவதற்கு முன்னால், "இந்தக் கோணம் பெரிதானால் மற்ற இரண்டும் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு நகர்த்த வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் வரும். தசமம் இல்லாமல் முழு எண்ணாகக் காட்டும்படி வைத்திருந்தால், திரையில் 47, 63, 69 என்று தெரியக்கூடும். கூட்டினால் 179. ஒரு பிள்ளை கட்டாயம் கண்டுபிடித்துக் கேட்கும். உண்மையில் அவை 47.4, 63.4, 69.2. மென்பொருள் ஒவ்வொன்றையும் அருகிலுள்ள முழு எண்ணாக்கிக் காட்டுகிறது. இது தெரியாத ஆசிரியர் மிரண்டு போய்ப் போர்டை அணைத்துவிடுவார், தெரிந்தவருக்கோ அன்றைய வகுப்பின் நல்ல கேள்வியே அதுதான். நம் கணிதப் பாடநூலிலேயே 'இணையச் செயல்பாடு' என்று ஜியோஜீப்ராவுக்குப் படிப்படியாக வழி போட்டிருக்கிறது. அதை எடுத்து ஒரு முழு வகுப்பாக நடத்திக் காட்டும் பயிற்சிக்கு என்னை ஒருமுறையும் அழைத்ததில்லை.

பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் வெளிவந்த அறிக்கை, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. கருவியை எப்படிப் பாடத்தோடு சேர்ப்பது என்று ஆசிரியர்களுக்குப் போதிய வழிகாட்டுதல் கிடைக்கவில்லை என்பதும் அந்த அனுபவத்தின் ஒரு பகுதி. நமக்கு அந்த நிலை வர வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பயிற்சியைப் பாடவாரியாகப் பிரியுங்கள். கணித ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் ஒரே பிபிடி போதாது. ஒரு கூடத்தில் நூறு பேரை உட்கார வைப்பதற்குப் பதில், பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த குறுவள மைய அளவில் பத்துப் பதினைந்து பேராகக் கூட்டுங்கள். எல்லோர் கையும் போர்டில் பட வேண்டும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஆசிரியையின் கையும். ஒரே மூச்சில் இரண்டு நாள் வைக்காமல், ஒரு நாள் வைத்துவிட்டு, ஒரு மாதம் எங்கள் வகுப்பில் முயன்று பார்க்க விட்டு, மறுபடி கூட்டுங்கள். அப்போதுதான் கேட்பதற்கு எங்களிடம் கேள்வி இருக்கும். நெட் போய்விட்டால் என்ன செய்வது, காணொளியை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பது எப்படி, ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் போர்டை எந்த வகுப்புக்கு எப்போது திறப்பது என்பதெல்லாம் கட்டகத்தில் இருக்கட்டும். இப்போது ஏஐ மூலம் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அது தரும் விடைகளில் தவறு இருக்கும், சரிபார்க்காமல் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்பதையும் யாராவது உதாரணத்தோடு காட்டித்தானே ஆக வேண்டும்?

இன்னொன்று. வருகைப்பதிவு, நலத்திட்ட விவரம், இணையவழி மதிப்பீடு என்று செயலிகளில் பதிவேற்றுவதே எங்களில் பலருக்குத் தொழில்நுட்பம் என்றாகிவிட்டது. சர்வர் கிடைக்காமல் அரைமணி நேரம் போனால் அது பிள்ளைகளின் அரைமணி நேரம். பதிவேற்றக் கற்றுத்தரும் கூட்டத்தையும் பாடம் நடத்தக் கற்றுத்தரும் பயிற்சியையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். பயிற்சி முடிந்த பிறகு, வட்டார வள மையத்தில் இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர் எங்கள் வகுப்புக்கு வர வேண்டும். பதிவேடு பார்க்க அல்ல. ஒரு பாடவேளை பின்னால் உட்கார்ந்து கவனித்து, அடுத்த பாடவேளையை அவரே நடத்திக் காட்டட்டும். அவர்களில் பலர் அருமையான ஆசிரியர்கள், செய்யக்கூடியவர்கள். ஆனால் அவர்களுடைய நாள் புள்ளிவிவரம் வாங்குவதிலும் அனுப்புவதிலும் கழிந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அந்த வேலையிலிருந்து அவர்களை விடுவித்து, பள்ளிகளுக்குப் போய்வரப் பயணப்படியும் ஒதுக்கி, வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஓர் ஆணை பிறப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர்