அப்பச்சியின் மோரிஸ் டிராவலர்

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டதால் சனி, ஞாயிறு ஆனால் பேரன் பேத்தி சத்தத்தில் வீடு நிறைந்துவிடுகிறது. மழையும் பரவாயில்லை, ஊருணியில் தண்ணீர் கிடக்கிறது.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், நம் ஆட்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியின் வாசலில் உன் அப்பச்சி நிற்கிறார், பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் வேகன். இதை மாடலாகச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். பாதிக்கு மேல் செய்தும்விட்டேன். ஆனால் நீ கேட்ட ஒன்றை மட்டும் நான் செய்யப்போவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வண்டி மோரிஸ் மைனர் டிராவலர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்பாதியில் மரச்சட்டம் வெளியே தெரிகிறது, பின்கதவு நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் திறக்கிற இரட்டைக் கதவு. மைனர் கார் 1948-ல் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிற்பாடு மினி காரைக் கொடுத்ததும் அவர்தான். அதன் ஸ்டேஷன் வேகன் வகையான டிராவலர் 1953-ல் சேர்ந்தது. போட்டோ 1954-ல் எடுத்தது என்று ஆத்தா சொல்வதாக எழுதியிருந்தாய். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முன்கண்ணாடி ஒரே துண்டாக இருக்கிறது. ஆரம்பத்தில் வந்த மைனருக்கெல்லாம் நடுவில் தடுப்பு வைத்த இரட்டைக் கண்ணாடி. 1956-ல் மைனர் 1000 வந்தபோதுதான் அது ஒற்றைக் கண்ணாடி ஆனது. அப்படியானால் போட்டோ அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அப்பச்சி மறுபடி கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்துப் படமோ என்னவோ, ஆத்தாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்.

டிராவலருக்கென்று எனக்குக் கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் பாகங்கள் கொண்ட பெட்டி, கிடைக்கவில்லை. கையில் இருந்தது ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பழைய காலத்தில் விட்ட மைனர் சலூன், அதாவது சாதாரண மூடிய கார். அளவு 1/32, நிஜ வண்டியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதனால் கிட்பேஷிங்தான் வழி. இருக்கிற கிட்டுகளையும் கிடைக்கிற பொம்மைகளையும் வெட்டிச் சேர்த்து, எந்தப் பெட்டியிலும் வராத வண்டியைச் செய்துகொள்வதற்கு மாடல் செய்கிற எங்கள் கூட்டத்தில் அதுதான் பெயர்.

இந்த வண்டியை ஆராய ஆராய எனக்குப் பிடித்துப்போனது என்ன தெரியுமா? மோரிஸ்காரர்களே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். முன்பாதி சலூனின் இரும்பு உடம்பு. முன்கதவு முடிகிற இடத்தோடு அது நின்றுவிடுகிறது. அங்கிருந்து பின்னால் ஆஷ் மரத்தில் கூடு கட்டி, இடையில் அலுமினியத் தகடு பொருத்திவிட்டார்கள். ஆகவே நான் ரம்பம் வைக்க வேண்டிய கோடு எது என்பதைத் தொழிற்சாலையே எனக்குக் காட்டிவிட்டது. நம் செட்டிநாட்டு வீடுகளும் இந்த மாதிரிதானே? பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, கீழே ஆத்தங்குடிக் கல். எல்லாம் வேறு வேறு இடத்துச் சரக்கு, நின்று பார்த்தால் ஒரே வீடு.

வெட்டுவதற்கு முன் அளவு எடுப்பதுதான் பெரிய வேலை. மைனரின் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 86 அங்குலம். 1/32-ல் அது 68 மில்லிமீட்டர் சொச்சம். உன் போட்டோவை அந்த 68-க்கு வருகிற மாதிரி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வாங்கினேன். அப்பச்சி வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னது நம் அதிர்ஷ்டம், தாளில் ஸ்கேலை வைத்து நேரடியாக அளக்க முடிகிறது.

கூரைக்குத்தான் அலைந்தேன். சலூனின் கூரை பின்னால் சரிந்து இறங்கிவிடும். டிராவலருக்கு அது பின்கதவு வரைக்கும் ஏறக்குறைய மட்டமாக ஓட வேண்டும். குன்றக்குடி தைப்பூசத்துக்குப் பேரனுக்கு வாங்கிய ஆம்னி வேன் பொம்மை நினைவுக்கு வந்தது. அதன் ஸ்கேல் வேறு, ஆனால் எனக்கு வேண்டியது ஸ்கேல் இல்லை, அகலமும் வளைவும்தான். இரண்டும் ஒத்துப்போயின. (பேரனுக்கு வேறு வேன் வாங்கிக் கொடுத்தாயிற்று.) ஒட்டுவதற்கு முன் அதன் அடிப்பாகத்தில் ஒரு துணுக்கை நறுக்கித் தண்ணீர்ச் சொம்பில் போட்டேன், மிதந்தது. கூரையில் ஒரு துணுக்கு நறுக்கிப் போட்டேன், மூழ்கியது. மிதக்கிற பிளாஸ்டிக்கில் மாடல் பசை பிடிக்கவே பிடிக்காது. பாலிஸ்டைரீன் மூழ்கும். பசை அதைக் கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும். பொம்மை வாங்கி வெட்டுகிற யாரும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

வெட்டும்போது ரம்பத்தை உடனே எடுக்கவில்லை. மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் கோடு அமைத்து, கத்தியின் முதுகால் அதே கோட்டில் மெதுவாகத் திரும்பத் திரும்ப இழுத்தேன். சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வந்து, பள்ளம் ஆழமான பிறகுதான் ரம்பம். அழுத்தினால் ஜன்னல் தூண் ஒடிந்துவிடும், அது தீக்குச்சியைவிட மெல்லிசு. கூரை இரண்டும் சேர்கிற இடத்தில் உள்பக்கம் ஒரு பட்டை கொடுத்து ஒட்டி, மேலே பட்டி வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். ப்ரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, இப்போது கண்ணை மூடித் தடவினாலும் ஒட்டு தெரியவில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக் கதவிலிருந்து எடுத்து வைத்த தேக்குத் துண்டை அனுப்பி, சட்டத்தை இதிலேயே செய் என்று எழுதியிருந்தாய். வீட்டைப் பிரித்து விற்ற நாளில் நீ அதைக் கையில் பிடித்துக்கொண்டு முகப்பில் நின்றது எனக்கு மறக்காது. முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போகும்போதெல்லாம் பழஞ்சாமான் கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும் நிலைகளில் உங்கள் நிலை இருக்கிறதா என்று இன்றைக்கும் என் கண் தேடும். ஆனாலும் மாப்பிள்ளை, தேக்கு இந்த வண்டிக்கு வேண்டாம்.

ஒன்று, நிறம். ஆஷ் வெளிர் மரம், வார்னிஷ் ஏறினால் தேன் நிறம். உன் தேக்கு நூறு வருஷம் எண்ணெய் குடித்துக் கறுத்தது. அதைவிட முக்கியம் ரேகை. நிஜச் சட்டம் இரண்டு அங்குலம் என்றால் மாடலில் அது ஒன்றரை மில்லிமீட்டர்தான். அந்த அகலத்தில் தேக்கின் துளைகள் பள்ளம் பள்ளமாகத் தெரியும், வண்டி பொம்மையாகிவிடும். ஐஸ் குச்சியை நீளவாக்கில் பிளந்து சீவிப் பார்த்தேன். ரேகை பொடி, நிறம் வெளிர், ஒரு கை வார்னிஷில் போட்டோவில் இருக்கிற மாதிரியே வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க வேகன்களில், ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவையர் மாதிரியானவற்றில், பிற்காலத்தில் மரம் போலத் தெரிகிற வினைலை மேலே ஒட்டிவிட்டார்கள். டிராவலரில் அப்படி இல்லை. மரம்தான் கூரையைத் தாங்குகிறது. அது உளுத்துப்போன வண்டி இங்கிலாந்தில் வருடாந்தரச் சோதனையில் தேறாமல் போனதுண்டு. ஆகவே நானும் குச்சியைப் பிளாஸ்டிக் மேல் ஒட்டவில்லை. குச்சியிலேயே கூடு கட்டி, இடையில் கூல்டிரிங்க்ஸ் டின் தகட்டை வெட்டிச் செருகி, அதன் மேல்தான் கூரையை உட்கார வைக்கிறேன். வேலை இரட்டிப்பு. அப்பச்சி ஓட்டிய வண்டி எப்படி நின்றதோ, இதுவும் அப்படியே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

உன் தேக்கு வீணாகாது. வண்டி நிற்கிற பீடம் அதில்தான். நீ அனுப்பிய துண்டில் பழைய குமிழ் இருந்த ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை அடைக்காமல் அப்படியே விடப்போகிறேன்.

இனி உன் வேலை. ஆத்தாவிடம் வண்டியின் நிறம் கேள். சாம்பலா, பச்சையா, வெள்ளையா என்று கறுப்பு வெள்ளைப் படத்தில் சொல்ல முடியவில்லை. நம்பர் பிளேட்டின் கடைசிப் பகுதி மடிப்பில் போயிருக்கிறது. உன்னிடம் இருக்கும் ஆல்பத்தில் அதே நாள் எடுத்த வேறு படம் இருந்தால், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பு, ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். பெயிண்ட் வாங்க மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது, நிறம் தெரிந்த பிறகு போகலாம் என்று இருக்கிறேன்.

ஆத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்