எந்தக் கோயிலடி?

கோண்டாவில்,
புதன்கிழமை.

அன்பின் யோகன் மச்சான்,

நலம். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு நீ நடக்கத் தொடங்கிவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். உங்கே பனி கொட்டுகிற நேரத்தில் வீரம் காட்டாதே. இங்கே மழை விட்டுவிட்டது, கிணறு நிறைந்து கிடக்கிறது. பென்சன் எடுத்த பிறகும் பின்னேரங்களில் ஓஎல் சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன்.

போன் வந்து பிள்ளைகளின் தமிழைக் கெடுத்துப்போட்டது என்று எழுதியிருந்தாய். அரைவாசிதான் ஒத்துக்கொள்வேன். "பளம்" என்று எழுதுவதற்குப் போனைக் குற்றம் சொல்லாதே. ழகரத்தை ளகரமாகச் சொல்வது எங்கள் ஊர் நாக்கு. நாங்கள் குட்டு வாங்கிய காலத்தில் போன் ஏது?

ஆனால் ஒன்று உண்மை. குறுஞ்செய்திக் காலத்தில் ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் அடித்தால் 70தான். அதிலும் "வணக்கம்" எங்களுக்கு 5 எழுத்து, போனுக்கு 7. மேலே வைக்கிற புள்ளியையும் தனியாக எண்ணும். காசை மிச்சம் பிடிக்கச் சனம் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியது. வட்ஸ்அப் வந்து அந்தக் கணக்கு இல்லாமல் போயும் பழக்கம் போகவில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எல், ர, ற இரண்டுக்கும் ஒரே ஆர். சில பிள்ளைகளின் போன் அதைத் தானே தமிழாக்கிக் கொடுக்கும், அவர்கள் முதலில் வருகிற சொல்லைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கொப்பியில் அந்த உதவி இல்லாததால் "பல்லிக்கூடம்" வந்து நிற்கிறது.

இங்கிலாந்தின் கொவன்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குறுஞ்செய்திச் சுருக்கங்களைக் கூடுதலாகப் பாவித்த பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை, நன்றாகவே செய்தார்கள். நம்பலாம். ஒரு சொல்லை ஓசை பார்த்துச் சுருக்க, ஓசை தெரிந்திருக்க வேண்டுமே. அது ஆங்கிலப் பிள்ளைகளின் கதை, ஆனாலும் சுருக்கத்துக்காக நானும் பிள்ளைகளை ஏசுவதில்லை.

எனக்குக் கவலை வேறிடத்தில். "மழைநீர் சேமிப்பு" என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு பிள்ளையின் முதல் வரி: "அதுதான் இப்ப பெரிய பிரச்சினை." எது? தலைப்பை நான் அனுப்பிய மெசேஜ் என்று நினைத்துப் பதில் போட்டிருக்கிறாள்! முற்றுப்புள்ளியைக் காண்பதும் அரிது. அனுப்புகிற பொத்தான்தான் அவர்களுக்கு முற்றுப்புள்ளி. வசனத்துக்குக் குறியிட்டு எழுதப் பழக்கிய ஆறுமுக நாவலர் பிறந்த நல்லூர் பக்கத்திலேதான் இருக்கிறது, பார்.

போனில் அரைகுறையாக எழுதினாலும் மற்றவன் உடனே "என்ன?" என்று கேட்பான், இவன் விளங்கப்படுத்துவான். கேட்க ஆளில்லாத இடத்தில் முழுதாகச் சொல்லத்தான் தெரியாமல் இருக்கிறது. இலக்கணப் பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்தலாம், இதை எப்படித் திருத்துவது? எங்களுக்கு இந்தப் பயிற்சி கடிதத்தால் வந்தது. பதில் வர வாரக்கணக்காகும் என்பதால் எல்லாவற்றையும் யோசித்து எழுதினோம்.

அதனால் இப்போது இலக்கண வினாவைக் குறைத்துவிட்டு, யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் இறங்குகிற ஒருவர், போனும் இல்லாமல், ஆரிடமும் கேட்காமல் உன் வீட்டுக்கு வருவதற்கு வழி எழுது என்கிறேன். ஒரு பெடியன் "கோயிலடியில் திரும்பவும்" என்று எழுதினான். எங்கள் ஊரில்! வகுப்பே சிரித்தது. அவன் மூன்றாம் முறை எழுதும்போது வைரவர், பிள்ளையார், அம்மன் எல்லாரும் வரிசையாக வந்துவிட்டார்கள், வசனங்களும் தானாக நீண்டுவிட்டன. "அதற்குப் பிறகு", "எதிர்ப்பக்கத்தில்", "ஆனால் அங்கே திரும்பக்கூடாது" எல்லாம் தேவைக்காக வந்தவை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவனிடம் கேட்டு, வீட்டு இலக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, அந்தத் தாளை இதோடு வைக்கிறேன். ஊரை விட்டுப் போய் எவ்வளவு காலம், உனக்கு இப்போது ஒரு சந்தியும் தெரியாது. வாசித்துப்போட்டு எந்த இடத்தில் வழி தவறுகிறாய் என்று எழுது. பதிலைப் போனில் அனுப்பாதே, பெடியன் கடிதத்துக்குக் காத்திருக்கிறான்.

அன்புடன்,
குகன்