மாதவரத்திலிருந்து எண்ணூர் அதிகத் தொலைவில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, வலைகளும் படகுகளும் மட்டுமல்லாமல் கூழைக்கடாக்களின் வெள்ளை இறகுகளும் கறுத்துப்போனதைக் கரையில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். எண்ணெய் ஒட்டிய இறகு தண்ணீரைத் தடுக்காது. பறவை குளிரில் விறைக்கும். அலகால் கோதும்போது அந்த எண்ணெயையே விழுங்கவும் செய்யும். பிடித்தவுடன் சோப்பு நீரில் கழுவினால் போதும் என்றுதான் எங்களில் பலர் எண்ணியிருந்தோம். உடலுக்குச் சூடும் நீர்ச்சத்தும் கொடுத்து, பறவை சற்றுத் தேறிய பிறகே கழுவ வேண்டும் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

இதைக் குப்பத்து இளைஞர்களுக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுக்கத் தகுதியானவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில்தான் உள்ளது. 1903 முதல் இயங்கும் அதன் வேப்பேரிக் கல்லூரியில் வனவிலங்கு அறிவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மாடும் நாயும் பார்க்கும் மருத்துவருக்குக் கூழைக்கடாவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இதையும் கருத வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய ஆமை, இழுவலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். அப்படித்தான் இறந்ததா என்பதை உடற்கூறாய்வில் நுரையீரல் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய முடிவுகளைப் பல்கலைக்கழகம் பருவந்தோறும் தமிழில் வெளியிட்டால், விசைப்படகு, நாட்டுப்படகு என்று ஒருவரையொருவர் பழிக்கும் வீண் பேச்சு குறையும். (அந்தப் பேச்சில் நானும் கலந்துகொண்டதுண்டு.)

கழிமுகத்தின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து இறாலுக்கு இடமில்லாமல் செய்யும் காக்கா ஆழி என்னும் அயல் சிப்பியை அகற்றுவது கால்நடை மருத்துவரின் வேலை அன்று. அதற்குப் பொன்னேரி மீன்வளக் கல்லூரி துணைநிற்கலாம்.

நான் கேட்பது புதிய கட்டடம் அன்று. தை பிறந்து ஆமைகள் கரைக்கு வரத் தொடங்குமுன், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம் ஆகிய ஊர்களில் மாணவர்களைக் கொண்டு ஒரு நாள் பயிற்சி நடத்தி, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணை மீன் விற்கும் இடங்களின் சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு பல்கலைக்கழக நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எண்ணூர், சென்னை.